கயிறு இழுத்தும் இயங்காத மோட்டார்: தீப்பொறி எங்கே தொலைகிறது?

அதிகாலை. முல்லைத்தீவுக் கரையில் படகைத் தள்ளி இறக்கியாயிற்று. ஒருவர் மோட்டாரின் கயிற்றை இழுக்கிறார். பத்துத் தடவை, இருபது தடவை. மோட்டார் இயங்கவில்லை. பக்கத்துப் படகுகள் போய்விட்டன. அன்றைய தொழிலும் போய்விட்டது.

கரையில் நடந்தால் இழப்பு ஒரு நாள் வருமானம்தான். நடுக்கடலில் நடந்தால், காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம்தான் படகு போகும். பாக்கு நீரிணை என்றால், 1974இல் வரையப்பட்ட கடல் எல்லைக் கோடும் அதிக தூரத்தில் இல்லை.

போரில் படகையும் வலையையும் மோட்டாரையும் ஒன்றாக இழந்தவர்கள் நம் கரைகளில் ஏராளம். 2009இற்குப் பின் நிவாரணமாகவோ கடனுக்கோ வாங்கிய மோட்டார்களைத்தான் அவர்களில் பலர் இன்னும் பாவிக்கிறார்கள். அவை உப்புக் காற்றில் பழுதாகும் வயதுக்கு வந்துவிட்டன. புதிது வாங்க வசதியில்லை. அதனால் மெசின் நின்றால் எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்திருப்பது அவசியம். வரிசை தவறினால் சில நூறு ரூபாயுடன் முடியும் வேலைக்குப் பல ஆயிரம் செலவாகும்.

தீப்பொறி எப்படி வருகிறது?

கயிற்றால் இயக்கும் பழைய இரண்டு ஸ்ரோக் மோட்டாருக்கு பற்றரி தேவையில்லை. கயிற்றை இழுக்கும்போது மேலே உள்ள பிளைவீல் சுற்றுகிறது. அதிலுள்ள காந்தங்கள் கீழே இருக்கும் கொயிலில் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. சிடிஐ என்ற சிறு பெட்டி அதைச் சேமித்து, சரியான நேரத்தில் விடுவிக்கிறது. இன்னொரு கொயில் அதன் அழுத்தத்தைப் பல ஆயிரம் வோல்ற்றாக உயர்த்த, பிளக்கின் நுனியில் பொறி பறக்கிறது. மிகப் பழைய மோட்டார்களில் சிடிஐக்குப் பதிலாக பொயின்ற்றும் கொண்டென்சரும் இருக்கும்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவை

முதலில் அவசர நிறுத்தியைப் பாருங்கள். அதன் கிளிப் கழன்றிருந்தால் எத்தனை தடவை இழுத்தும் பயனில்லை. அடுத்து, தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். நுனி பிஸ்கட் நிறமாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது எரிபொருள் எரியாமல் தேங்குகிறது. காய்ந்த கரி என்றால் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். பீங்கானில் வெடிப்பு இருந்தால் பிளக்கை மாற்றியே ஆகவேண்டும். நுனியின் இடைவெளி மோட்டாரின் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். என்ஜிகே பிளக்கின் இலக்கம் ‘-10’ என முடிந்தால் அந்த இடைவெளி 1 மில்லிமீற்றர்.

இனிப் பொறியைச் சோதிக்கலாம். எரிபொருள் குழாயைக் கழற்றித் தாங்கியைத் தூர வையுங்கள். சிந்திய பெற்றோலைத் துடைத்து, ஆவி போகும்வரை பொறுங்கள். பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சினின் வெற்று உலோகத்தில் தொடுமாறு, பிளக் துவாரத்திலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு பிளக்குகளையும் அப்படியே வையுங்கள். வெறும் கையால் பிடிக்க வேண்டாம். கயிற்றை இழுக்கும்போது நீல நிறத்தில் சத்தத்துடன் பொறி வந்தால் பிரச்சினை பெரும்பாலும் எரிபொருள் பக்கம். மங்கிய மஞ்சள் பொறி என்றாலோ, பொறியே இல்லை என்றாலோ மேலே படியுங்கள்.

பொறி இல்லையென்றால்

உடனே சிடிஐ வாங்கப் போகாதீர்கள். நிறுத்தும் சுவிச்சிலிருந்து சிடிஐக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். இப்போது பொறி வந்தால் பழுது சுவிச்சிலோ அந்த வயரிலோதான். உப்பு ஏறிய சுவிச் எப்போதும் ‘நிறுத்து’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் வயரைக் கழற்றிய நிலையில் தொழிலுக்குப் போகாதீர்கள். ஆள் கடலில் விழுந்தால் மோட்டார் நிற்காது.

அதிலும் பொறி வராவிட்டால் பச்சை பிடித்த இணைப்புகளையும் எஞ்சின் உடலோடு பூட்டிய எர்த் வயரையும் சுரண்டித் துடையுங்கள். பிளக் தொப்பியைக் கழற்றி, கறுத்த வயர் நுனியைச் சிறிது வெட்டி மீண்டும் மாட்டுங்கள். இரண்டு சிலிண்டரில் ஒன்றுக்கு மட்டும் பொறி இல்லையென்றால் பிளக்குகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது பிளக்கோடு இடம் மாறினால் குற்றவாளி அதுதான்.

குளிராக இருக்கும்போது ஓடி, சூடானதும் நின்று, ஆறியபின் மறுபடி ஓடினால் கொயிலைச் சந்தேகிக்கலாம். நின்றவுடனேயே சோதித்தால்தான் அது பிடிபடும். பொறி நன்றாக இருந்தும் மோட்டார் பின்னுக்கு அடித்தால் பிளைவீல் சாவி முறிந்து நேரம் தவறியிருக்கக்கூடும். இவற்றுக்கு மல்ரிமீற்றரும் அனுபவமும் உள்ள மெக்கானிக் வேண்டும். சிடிஐயைக் கடைசியாக, அதே மொடல் மோட்டாரிலிருந்து கழற்றியதை மாட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

மண்ணெண்ணெய் செய்யும் வேலை

நம் மோட்டார்கள் பல பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சுலபமாக ஆவியாகாது. பிளக்கை நனைத்துக் கரி பிடிக்கவைக்கும். கரையை நெருங்கும்போது சில நிமிடம் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்தினால், மறுநாள் காபரேற்றரில் பெற்றோல் இருக்கும். 2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. எரிபொருளுக்குக் காசு தேடுவதே பெரும்பாடான பிறகு, அந்தச் சில நிமிடப் பெற்றோலை மிச்சம் பிடிக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் மிச்சம் பிடித்தது பிளக்காகவும், தொழிலுக்குப் போகாத நாளாகவும் கையை விட்டுப் போகும்.

படகில் ஒரு மூடிய டப்பா இருக்கட்டும். இரண்டு புதிய பிளக், பிளக் சாவி, உலர்ந்த துணி, அரத்தாள், மேலதிகக் கயிறு, அவசர நிறுத்திக்கு இன்னொரு கிளிப். நடுக்கடலில் மோட்டார் நின்றால் கரைக்குத் திரும்ப உதவப்போவது இந்த டப்பாதான்.