இறக்கிய காருக்குக் 'கை' மாற்றத்தான் வேண்டுமா?



வழமையாக வரவு செலவு பேசும் என்னிடம் இம்முறை கார் விடயம் வந்தது, அக்காவின் மகனால். இங்கே ராஸ் அல் கைமாவில் அவன் வாங்கிய பழைய ஹொண்டா சிவிக்கை முந்திய சொந்தக்காரர் ஸ்பிரிங் மாற்றி மூன்றரைச் சென்ரிமீற்றர் இறக்கியிருந்தார். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து மாதத்தில் பின் ரயர் இரண்டும் உள்விளிம்பில் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. வெளியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த ரயரோடுதான் அக்காவை ஏற்றிக்கொண்டு ஜபல் ஜைஸ் மலைப்பாதையில் ஏறி இறங்கியிருக்கிறான்.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கொன்ட்ரோல் ஆம் போடாவிட்டால் அலைன்மென்ட் நிற்காது என்று ஒரு கராஜில் 2,400 திர்ஹாம் கேட்டிருக்கிறார்கள்.

"போடத்தானே வேணும், மாமா?"

"அளந்த தாள் எங்கை, தம்பி?"

தாள் இல்லை. அளக்காமல் சொன்ன விலை அது. கணக்குப் பார்க்காமல் வரி கட்டச் சொல்வதுபோல.

சில்லைக் காரின் உடலோடு பிடித்திருக்கும் இரும்புக் கைதான் கொன்ட்ரோல் ஆம். அதன் ஒரு முனை அச்சில் சுழலும். கார் கீழே இறங்கினால் கையின் சாய்வு மாறும், அதனோடு சில்லின் கோணமும் மாறும். முக்கியமான கோணங்கள் இரண்டு. சில்லின் மேற்பக்கம் உள்ளே சாய்வது கேம்பர். சில்லு நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ பார்ப்பது டோ.

எல்லோரும் கண்ணுக்குத் தெரிகிற கேம்பரைத்தான் குற்றம் சொல்வார்கள். ரயரை வேகமாகத் தின்பது பெரும்பாலும் டோ. ஒரு சில்லு 0.3 பாகை மட்டும் பிசகி நின்றால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 5 மீற்றர் பக்கவாட்டில் உரசுகிறது என்று கணக்கு வரும். இங்கிருந்து துபாய் சுமார் 100 கிலோமீற்றர். ஒருமுறை போனால் அரைக் கிலோமீற்றர் ரயரைத் தெருவில் தேய்த்த மாதிரி. கேம்பரும் சேர்ந்திருந்தால் அந்தத் தேய்மானம் முழுவதும் உள்விளிம்பில் விழும். ஆடி, ஆவணி வெயிலில் கொதிக்கும் நெடுஞ்சாலையில் மெலிந்த ரயர் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டோவைச் சரிசெய்யப் பெரும்பாலும் புதுக் கை தேவையில்லை. முன் சில்லுகளுக்கு ஸ்டியரிங் கம்பியின் முனையிலேயே திருகி மாற்றலாம். சிவிக் போன்ற கார்களில் பின் டோவுக்கும் கம்பனியே இடம் வைத்திருக்கிறது, பின் கேம்பருக்குத்தான் வைக்கவில்லை. மூன்று சென்ரிமீற்றர் அளவில் இறக்கிய கார்களில் அந்தக் கேம்பர் சற்றுக் கூடி நின்றாலும், டோ நேராக இருந்தால் ரயர் தாக்குப்பிடிக்கும். முன்பக்கக் கேம்பர் கூடினால், பல கார்களுக்கு மையம் விலகிய கேம்பர் பொல்ட் ஒன்றே போதும், அது மலிவு. யாரிஸ், பழைய கொரொல்லா போன்றவற்றின் பின்பக்கம் ஒரே இரும்புக் குறுக்குச் சட்டம், அங்கே மாற்றக் கையே கிடையாது.

அப்படியானால் கை எப்போது தேவை? ஐந்து, ஆறு சென்ரிமீற்றர் இறக்கி, பின் கேம்பர் 3 பாகையைத் தொட்டு, டோ பொல்ட்டும் எல்லைக்குத் திரும்பி, இன்னும் தாளில் சிவப்பு எழுத்து நின்றால் தேவை. இடமும் வலமும் மிகவும் வேறுபட்டால் முதலில் வளைந்த பாகத்தையோ, வெயிலில் வெடித்த ரப்பர் புஷ்ஷையோ தேடுங்கள். ஸ்பிரிங் மாற்றும்போது புஷ் பொல்ட்டுகளைக் கார் தரையில் நின்ற நிலையில்தான் இறுக்க வேண்டும். தூக்கியபடி இறுக்கினால் ரப்பர் முறுகி நின்று சீக்கிரம் கிழியும். பல இடங்களில் இதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொன்று. இந்த நாட்டில் அனுமதியில்லாமல் என்ஜினையோ சசியையோ மாற்றினால் 1,000 திர்ஹாம், 12 கரும்புள்ளி, 30 நாள் வாகனத் தடுப்பு என்று 2017ஆம் ஆண்டு அபராதப் பட்டியல் சொன்னது. இறக்கிய கார் வாங்குகிறவர், முந்தியவர் அனுமதி எடுத்தாரா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுப்பது நல்லது.

மருமகனின் காரை வேறிடத்தில் அளந்தோம். பின் கேம்பர் 1.8 பாகை, டோ இரு பக்கமும் 0.3க்கு மேல். டோவை மட்டும் சரிசெய்து, புது ரயர் இரண்டு போட்டோம். 8,000 கிலோமீற்றர் ஓடியபின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் அளந்தேன், வித்தியாசம் அரை மில்லிமீற்றர். கை வாங்கவில்லை.

இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் இறக்கலாமா என்று இப்போது கேட்கிறான். அக்காவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.