எத்தனை நாளில் குடம் தூக்கலாம்?

"கொஞ்ச நாளைக்குக் கனம் தூக்காதீங்க" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கொஞ்ச நாள் என்றால் பத்து நாளா, இரண்டு மாதமா? 15 லிட்டர் தண்ணீர்க் குடம் கனமா? இடுப்பில் ஏறத் துடிக்கும் இரண்டு வயதுப் பிள்ளை? குடலிறக்க ஆபரேஷன் முடிந்தவருக்கு வேண்டியது இதற்கான பதில்தான். அது தெரியாமல் சிலர் அவசரப்படுகிறார்கள். சிலர் பயந்துபோய்த் தேவைக்கு மேல் படுத்தே கிடக்கிறார்கள். டாக்டர் விவரமாகச் சொல்லியிருந்தாலும், காதில் விழுந்ததில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகளுக்கு உடனே மறந்துபோகிறது என்கின்றன ஆய்வுகள். மருத்துவமனையின் இணையதளத்தில் அது எழுதியிருந்தால், சொன்னது மறந்தாலும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

விளக்கிச் சொல்வது வெறும் ஆறுதல் அல்ல. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். பாஸ்டனில் வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினருக்கு, எங்கே வலிக்கும், எப்படி மூச்சு விடவேண்டும், கட்டிலில் எப்படிப் புரளவேண்டும் என்று மயக்க மருந்து நிபுணர்கள் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலிநிவாரணி, மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதிதான். 1964-இல் வெளியான ஆய்வு அது.

இணையதளத்துக்கு வருவோம். நெதர்லாந்தில் பித்தப்பை, குடலிறக்கம் போன்ற ஆபரேஷன் செய்துகொண்ட 344 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஒரு குழுவினர் ஆபரேஷனுக்கு முன்பே இணையதளத்தில் தங்களுக்கென ஒரு திட்டம் வகுத்துக்கொண்டார்கள். எந்த வேலையை எப்போது தொடங்கலாம் என்று அது சொன்னது. இன்னொரு குழுவுக்கும் இணையதளம் இருந்தது, ஆனால் அதில் பொதுவான அறிவுரை மட்டுமே. முதல் குழுவில் பாதிப் பேர் 21 நாட்களில் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். மற்ற குழுவில் அதற்கு 26 நாட்கள் ஆயின. இணையதளம் இரு தரப்புக்கும் இருந்ததால், அந்த ஐந்து நாளைத் தந்தது 'உனக்கு, இந்த நாளில், இவ்வளவு' என்ற துல்லியம்தான் என்று நான் எண்ணுகிறேன்.

இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முன் தரும் விளக்கத்தால் வழக்கமான கவனிப்பைவிடப் பெரிய பலன் தெரியவில்லை என்று 2014-இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொன்னது உண்மை. விளக்கம் என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் போதும் என்பவர்களுக்கு அது சரியான எச்சரிக்கை. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் என்ன செய்வார் என்ற கேள்வியும் நியாயமானது. அவருக்குக் குரல்பதிவும் படமும் வேண்டும். கூட இருக்கும் மகளோ மருமகளோ படித்துச் சொல்லும் எளிய தமிழும் வேண்டும். நேரில் பேசுவதற்கு இணையதளம் மாற்றும் ஆகாது. காய்ச்சல் வந்தாலோ தையலில் சீழ் வைத்தாலோ திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடவேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் "கனம் தூக்காதே" என்பதோடு திரும்பாதீர்கள். எத்தனை கிலோ, எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மருத்துவமனைகளே, அதை ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனித்தனியாக உங்கள் இணையதளத்தில் தமிழில் போடுங்கள்.