சீமை மாடிப்படிகள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து சீமைக்குப் பிரயாணம் போவது இப்போது அபூர்வமான காரியமன்று. தோலும் பாதரட்சையும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் கப்பலேறுகின்றன. அவற்றின் பின்னால் வியாபாரிகளும், சில சமயம் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் புறப்படுகிறார்கள். கம்பளிச் சட்டை, ஊறுகாய், மருந்து ஒன்றையும் மறப்பதில்லை. அங்குள்ள மாடிப்படிகளைப் பற்றி மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

"படி ஏறுவது நமக்குப் புதிதா?" என்றுதான் என் பெரியம்மாளும் கேட்டாள். நியாயந்தான். சோளிங்கர்ப் பெரிய மலையின் 1,305 படிகளையும் நடந்தே ஏறி நரசிம்மரைத் தரிசிப்பவள் அவள். 2024-இல் கம்பிவட வண்டி வந்த பிறகும் அதில் ஏற மறுத்தவள். ஆனால் மலையில் மூச்சு வாங்கினால் ஓரமாக உட்காரலாம். ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பழைய வீடுகளில் அதற்கு இடமேது? பதினேழாம் நூற்றாண்டில் கால்வாய்க் கரை மனைக்குக் கிராக்கி அதிகம். ஆகவே வீடுகளைக் குறுகலாகவும் உயரமாகவும் கட்டினார்கள். படிக்கட்டோ பரணில் சாத்திய ஏணிபோல் செங்குத்தாயிற்று. மேஜையும் கட்டிலும் அதில் ஏறா; முகப்பின் உச்சியிலுள்ள கொக்கியில் கயிறு மாட்டி, ஜன்னல் வழியே ஏற்றுவார்கள். மனிதருக்கு அந்த உபசாரம் கிடையாது!

எங்கள் அறை மூன்றாம் மாடியில். பெரியம்மாள் எப்படியோ ஏறிவிட்டாள், இறங்கத்தான் முடியவில்லை. பாதத்தில் பாதிதான் படியில் பதிந்தது. கீழே பார்த்ததும் தலை சுற்றிற்று. இரண்டு நாள் கால்வாயை ஜன்னலிலிருந்தே பார்த்தாள். "இதற்கா இவ்வளவு தூரம் அழைத்து வந்தாய்?" என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

குற்றம் என்னுடையதே. அறை எந்த மாடியில், லிப்ட் உண்டா என்று புறப்படுமுன் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். பெரிய பெட்டியும் உதவாது; ஒரு கை கைப்பிடிக்கே வேண்டும். இன்னொன்று, தோல் ஊர்க்காரரிடம் சொல்வது அபசாரந்தான்: தேய்ந்து வழுவழுத்த மரப்படியில் தோல் அடி வைத்த பாதரட்சை வழுக்கும், ரப்பர் அடியே பத்திரம்.

மாதா கோயில் கோபுரங்களில் சங்கடம் வேறு விதம். கொலோன் நகரத்துக் கோபுரத்தில் 533 படிகள் சுழன்று சுழன்று ஏறுகின்றன. இத்தகைய படி நடுத்தூணருகில் குறுகி, வெளிச்சுவரருகில் அகன்றிருக்கும். ஆகையால் சுவரை ஒட்டியே நடக்க வேண்டும். பெரியம்மாளை அங்கே நான் அழைக்கவில்லை.

ஆம்ஸ்டர்டாமில் மூன்றாம் நாள் காலை அவளே வழி கண்டுபிடித்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பரணிலிருந்து இறங்குகிறாற்போல் படியைப் பார்த்துத் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். நான் இரண்டு படி கீழே துணை நின்றேன். தெருவை அடைந்ததும் என்னை ஏறிட்டும் பாராமல், நேரே கால்வாய்ப் பாலத்துக்கு நடந்தாள்.