தண்ணீரில் விளையாடுவோம்

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. வெயில் கொளுத்துகிறது. பிள்ளைகள் தண்ணீரைத் தேடி ஓடுகிறார்கள்.

எங்கள் மாலை வகுப்பில் ஓர் அக்கா கேட்டார்.

"தம்பி, என் மகன் நீச்சல் குளத்துக்குப் போகணும்னு அழுகிறான். எனக்கு நீச்சல் தெரியாது. பயமா இருக்கு. கூட்டிப் போகலாமா?"

அக்காவின் பயம் நியாயமானது. ஆனால் நம் திருவனந்தபுரத்தைப் பாருங்கள். கரமனை ஆறு ஓடுகிறது. கோயில் குளங்கள் இருக்கின்றன. மேற்கே கடல். பிள்ளையைத் தண்ணீர் பக்கமே விடாமல் இருக்க முடியுமா? பழக்குவதே நல்லது. விளையாட்டாகப் பழக்கினால் பயம் போகும்.

சாஜன் பிரகாஷ் என்ற நீச்சல் வீரர் இடுக்கியில் பிறந்தவர். தமிழ்நாட்டில், நெய்வேலியில் நீச்சல் பழகினார். 2015-இல் தேசிய விளையாட்டுப் போட்டி கேரளத்தில் நடந்தது. நம் மாவட்டத்தில் உள்ள பிரப்பன்கோடு நீச்சல் குளத்தில் அவர் 6 தங்கம் வென்றார்.

எந்தக் குளம் நல்லது?

தண்ணீர் பிள்ளையின் இடுப்பளவுதான் இருக்க வேண்டும். குளோரின் சரியாகப் போடுகிறார்களா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

ஏன் கேட்க வேண்டும்? சுத்தமில்லாத தண்ணீரில் அமீபா என்ற கிருமி இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. மூக்கு வழியாக மூளைக்குப் போய்விடும். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் பலருக்கு இந்த நோய் வந்தது. சிலர் இறந்தார்கள். குளோரின் இந்தக் கிருமியைக் கொல்லும். அதனால் பாசி பிடித்த குளத்தில் பிள்ளைகளைக் குதிக்க விடாதீர்கள். தலையை முக்கவும் விடாதீர்கள்.

குளித்த சில நாளில் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்தத் தண்ணீரில் குளித்தான் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

என்ன விளையாடலாம்?

குமிழி விடுதல்: வாயைத் தண்ணீரில் வைத்து, சூடான டீயை ஊதுவது போல ஊத வேண்டும். யாருக்கு அதிகக் குமிழி வருகிறது? தண்ணீருக்குள் மூச்சை வெளியே விட இது பழக்கும். நீச்சலின் முதல் பாடம் இதுதான்.

பந்து ஊதுதல்: சின்ன பிளாஸ்டிக் பந்தைக் கையால் தொடக்கூடாது. ஊதி ஊதியே எதிர்க்கரை சேர்க்க வேண்டும்.

குளம், கரை: நம் பழைய விளையாட்டுதான். பிள்ளைகள் தண்ணீரில் நிற்கட்டும். "கரை" என்றால் சுவரைத் தொட வேண்டும். "குளம்" என்றால் இரண்டு அடி தள்ளி நிற்க வேண்டும். தவறியவர் அவுட். சுவரைப் பிடித்தால் ஆபத்தில்லை என்பது பிள்ளைக்குப் பழகிவிடும்.

எது வேண்டாம்?

மூச்சுப் பிடிக்கும் போட்டி வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரலாம். தள்ளிவிடுவது வேண்டாம். ஈரத் தரையில் ஓட வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் தலைகீழாகக் குதித்தால் கழுத்து முறியும்.

யார் காவல்?

மூழ்கும் பிள்ளை கத்தும் என்று நினைக்கிறோம். அது தவறு. மூச்சு விடவே முடியாதபோது எப்படிக் கத்தும்? சத்தமில்லாமல் மூழ்கிவிடும். உலகில் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள்.

ஆகவே பெரியவர் ஒருவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். பேச்சு வேண்டாம். போன் வேண்டாம். ஆபத்து வந்தால், நீச்சல் தெரியாதவர் குதிக்கக் கூடாது. கயிறு, கம்பு, சேலை எதையாவது நீட்டுங்கள். கத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

அக்கா மகனைக் கூட்டிப் போனார். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் வகுப்பில் சிரித்தபடி சொன்னார்:

"குமிழி விடுறதுல அவன்தான் முதல், தம்பி!"

பேசுவோம்

1. உங்கள் வீட்டுக்கு அருகே எந்தக் குளம், ஆறு உள்ளது?
2. அங்கே பிள்ளைகள் குளிக்கும்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?