ஆணா பெண்ணா, மணல் சொல்லும்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே போனால் நீலாங்கரை, பனையூர்க் கரைகள். பகலெல்லாம் கூட்டம். மாசி மாத நள்ளிரவில் அலைச்சத்தம் மட்டும்தான். ஆளில்லாத அந்தக் கரையைத் தேடித்தான் பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிட வருகிறது.

ஓடு இரண்டடி நீளம் இருக்கும். ஏறி வரும்போது டார்ச் அடித்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடலாம். அலை எட்டாத இடம் பார்த்து, பின்துடுப்பைக் கரண்டிபோல் மடக்கி, இடது ஒரு அள்ளு, வலது ஒரு அள்ளு என்று ஒன்றரை அடிக்குக் குடம்போலக் குழி தோண்டுகிறது. தோண்டும் குழியை அது பார்ப்பதே இல்லை. நூற்றுக்கு மேல் முட்டை. பிறகு குழியை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து வயிற்றோட்டால் மணலை இடிக்கிறது. முற்றத்து மண்ணைத் திமிசுக்கட்டையால் கெட்டிப்படுத்துவதுபோல அப்படி ஒரு கவனம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து போய்விடும். அந்தக் குழிக்குத் திரும்பி வருவதில்லை.

அப்புறம் மணல்தான் தாய். கடலாமைக்கு ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம் கிடையாது. அடைக்காலத்தின் நடுப்பகுதியில் மணல் எவ்வளவு சூடு என்பதே கணக்கு. சுமார் 29, 30 டிகிரியில் இரண்டும் கலந்து பிறக்கும். சூடு ஏறினால் பெண், குறைந்தால் ஆண். அட்லாண்டிக்கில் அசென்ஷன் என்றொரு எரிமலைத் தீவு. பிரேசில் கடலோரத்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்திப் பேராமை என்ற வேறு வகைக் கடலாமைகள் அங்கே முட்டையிடப் போகின்றன. அந்தச் சின்னத் தீவிலேயே ஒரு கரை வெளிறிய மணல், இன்னொன்று எரிமலைக் கருமணல். கருமணல் வெயிலைக் குடித்துக் கூடுதலாகச் சூடாவதால் அங்கே பெண் குஞ்சுகள் அதிகம். நம் கரையிலும் கருமணல் வரிகள் உண்டு. அவை எரிமலை தந்தவையல்ல, இல்மனைட் போன்ற கனமான தாதுக்கள்.

45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மொத்தமாக மேலே வரும். எங்கே வெளிச்சமோ அங்கே ஓடும். முன்பெல்லாம் அது கடல்வானம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை விளக்குகள் அவற்றைத் தார்ச்சாலைக்கு இழுக்கின்றன. இதனால்தான் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. வலையிலிருந்து தப்ப வழிவிடும் கருவி இருக்கிறது. அதை எல்லாப் படகிலும் பொருத்தவேண்டும். கரையோர வீடுகளில் குஞ்சுகள் பொரித்து முடியும்வரை கடல் பார்த்த விளக்குகளை அணைத்து வைக்கவேண்டும்.