உங்களுக்குத் தெரியுமா? செங்கம் கணவாயும் அமெரிக்கப் போரும்

பழைய செய்தித்தாள் சேகரிப்பவர்கள் பெருவிலை கொடுத்துத் தேடுபவற்றில் 1775 முதல் 1783 வரை அச்சான அமெரிக்க, லண்டன் இதழ்களும் உண்டு. அமெரிக்க விடுதலைப் போரை உடனுக்குடன் சொன்ன தாள்கள் அவை. அந்தப் போரின் அலை நம் ஜவ்வாது மலை அடிவாரம் வரை வந்து மோதியது, தெரியுமா?

◆ 1778இல் பிரான்சு அமெரிக்கர்களோடு கைகோத்தது. உடனே ஆங்கிலேயர்கள் இந்தியாவிலிருந்த பிரெஞ்சு ஊர்கள்மேல் பாய்ந்தார்கள். அந்த அக்டோபரில் புதுச்சேரி விழுந்தது. 1779 மார்ச்சில் மாஹே. மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்குப் போர்த் தளவாடங்கள் வந்து இறங்கியது மாஹேயில்தான். அதில் கைவைக்க வேண்டாம் என்று அவர் எச்சரித்தும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியார் கேட்கவில்லை. 1780 ஜூலையில் பெரும்படையோடு அவர் ஆற்காடு நவாபின் கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். இறங்கிய வழி, ஜவ்வாது மலையின் தென்புறத்தில் உள்ள செங்கம் கணவாய். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பேருந்துகள் இன்றும் அந்த இடைவெளியில்தான் ஓடுகின்றன.

◆ செங்கத்துக்குப் போர் அப்போது புதிதல்ல. 1767 செப்டம்பர் 3 அன்றே ஹைதரும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து ஆங்கிலேயக் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையோடு அங்கே மோதியிருந்தார்கள்.

◆ 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை ஹைதரிடமும் அவர் மகன் திப்புவிடமும் அடியோடு தோற்றது. நடந்தது சென்னைக்குப் பக்கத்தில். ஆனால் அதை எழுதச் சென்னையில் ஒரு செய்தித்தாள்கூட இல்லை! இந்தியாவின் முதல் செய்தித்தாளான ‘ஹிக்கிஸ் பெங்கால் கெஜட்’ அந்த ஆண்டு ஜனவரி 29 அன்றுதான் கல்கத்தாவில் தொடங்கியிருந்தது. ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்ற அயர்லாந்துக்காரர் நடத்திய வார இதழ். ஹைதரோடு நடந்த போரின் செய்திகள் அதில் வந்தன. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையே தாக்கி எழுதியதால் ஹிக்கி சிறைக்குப் போனார். சிறையிலிருந்தும் இதழை நடத்தினார். கடைசியில் 1782 மார்ச்சில் அச்செழுத்துகளையே பறிமுதல் செய்துதான் அவர் வாயை அடைக்க முடிந்தது. பத்திரிகைச் சுதந்திரம் பேசுகிற எவரும் மறக்கக்கூடாத பெயர்.

◆ சென்னையின் முதல் செய்தித்தாள் ‘மெட்ராஸ் கூரியர்’. தொடங்கிய நாள் 1785 அக்டோபர் 12. ஆனால் அச்சு எந்திரம் அதற்கு வெகுமுன்பே சென்னைக்கு வந்துவிட்டது, அதுவும் போர்க்கொள்ளையாக! 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அங்கிருந்த பிரெஞ்சு அச்சகத்தைத் தூக்கிவந்தார். அது வேப்பேரியில் பாதிரியார் ஃபப்ரீசியஸ் கைக்குப் போனது. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சானது.

◆ ஆங்கிலேயரை எதிர்த்த ஹைதரின் பெயர் அமெரிக்காவிலும் ஒலித்தது. அமெரிக்கர்கள் ஒரு போர்க்கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்றே பெயர் வைத்தார்கள். 1782 ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில், ஜோஷுவா பார்னி தலைமையில் சென்ற அந்தக் கப்பல் ‘ஜெனரல் மங்க்’ என்ற ஆங்கிலேயக் கப்பலைச் சிறைபிடித்தது. பிலடெல்பியாவின் ‘ஃப்ரீமன்ஸ் ஜர்னல்’ இதழில் எழுதிவந்த கவிஞர் பிலிப் ஃப்ரெனோ அந்த வெற்றியைப் பாடினார்.

◆ அமெரிக்கப் போரின் கடைசிச் சண்டைகள் நடந்த இடம் எது? நம் கடலூர். 1783 ஜனவரி 20 அன்றே வெர்சாயில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முதற்கட்டச் சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். செய்தி கப்பலேறி வந்து சேர மாதக்கணக்காயிற்று. அதற்குள் ஜூன் 13 அன்று கடலூர்க் கோட்டைக்கு வெளியே கடும்போர். ஜூன் 20 அன்று கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஜூன் கடைசியில் வெள்ளைக்கொடியோடு வந்த கப்பல் சொன்ன பிறகுதான் பீரங்கிகள் ஓய்ந்தன. ஐந்து மாதம் முன்பே முடிந்துபோன பகைக்காக இரு தரப்பிலும் எத்தனையோ பேர் செத்தார்கள். அவர்களில் இந்தியச் சிப்பாய்களும் ஏராளம்.

◆ 1781 அக்டோபரில் யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்த ஆங்கிலேயப் படையின் தளபதி கார்ன்வாலிஸ். அதே மனிதர் 1786இல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்தார். 1792இல் திப்புவிடமிருந்து பாரமகால் பகுதியை எழுதி வாங்கினார். ஜவ்வாது மலையின் மேற்கே உள்ள திருப்பத்தூரும் வாணியம்பாடியும் அப்படித்தான் கும்பெனி கைக்குப் போயின.

◆ அந்தக் காலத்து இதழ் ஒன்று கையில் கிடைத்தால் தாளைத் தடவிப் பாருங்கள். பழந்துணிக் கூழில் செய்த தாள் அது. அதனால் இருநூறு ஆண்டு கடந்தும் வளையும், எளிதில் நொறுங்காது. மரக்கூழில் செய்த பிற்காலத் தாள்தான் பழுத்துப் பொடியாகிறது. இன்னொரு அடையாளம்: சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போல நீண்டிருக்கும். 1800ஐ ஒட்டி அந்த வழக்கம் மறைந்தது.

◆ அப்போது தமிழில் செய்தித்தாள் கிடையாது. ஆனால் புதுச்சேரியில் இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார். 1992இல் அது நூலாகவும் வந்தது. புதுச்சேரியின் இன்னொரு நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையை அறிந்த அளவுக்கு நாம் இவரை அறியாதது பெரும் குறை.

◆ பழைய இதழ்களில் தளபதிகள் பெயர் உண்டு. படைகள் மிதித்துப்போன நிலத்தின் உழவர், இடையர் பெயர் இல்லை. அதே செங்கம் வட்டாரத்தில், பல்லவர் காலத்திலேயே, மாடு மீட்கப் போய் இறந்த எளியவர்களுக்குப் பெயரோடும் மன்னரின் ஆட்சியாண்டோடும் நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறைக்காக இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ நூல் அவற்றைத் தொகுத்துத் தருகிறது. அவற்றில் எடுத்தனூர்க் கல் 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன் காலத்தில் நட்டது. வீரனின் உருவத்தோடு அவன் நாயும் அதில் இருக்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதற்காக அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.