பாயின் வரிச்சை இறுக்கும் முறை

பாவு தளர்ந்தால் நெசவு சீராகாது. அளவு மீறி இறுக்கினால் இழை அறும். தறியில் அமரும் அன்பர் யாவரும் இதனை அறிவர். காற்றின் விசையால் நீர்மேல் விரையும் பாய்ப் பலகைக்கும் இவ்விதி பொருந்தும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜிம் டிரேக், ஹாயில் ஸ்வைட்சர் ஆகிய இருவரும் 1968-இல் இத்தகைய பலகை ஒன்றுக்குக் காப்புரிமை கோரினர்.

இதன் பாய், பாலியெஸ்டர் துணியும் ஒளி ஊடுருவும் படலமும் கொண்டு தைக்கப்படுவது. பாயின் குறுக்கே நீண்ட உறைகள் உண்டு. ஒவ்வோர் உறையினுள்ளும் கண்ணாடியிழையாலோ கரியிழையாலோ ஆன வரிச்சு ஒன்று செருகப்படும். அதன் மெல்லிய முனை பாய்மரத்தை நோக்கியிருக்கும். ஆதலால் அப்பக்கமே மிகுதியாக வளைந்து, பாயின் குழிவு முன்புறத்தில் அமைகிறது.

பின்முனைத் திருகாணியை முடுக்கினால் வரிச்சு முன்னோக்கி நெருக்கப்படும். அதற்கு இடங்கொடுக்கும் அளவு உறை நீளாது. எனவே வரிச்சு வில்போல் வளைகிறது. அதன் எதிர்விசையால் துணி நீளவாட்டில் இழுபட்டு விறைக்கிறது.

முதலில் பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றை முறையாகக் கட்டுதல் வேண்டும். பின்னரே வரிச்சுகளை முடுக்குதல் தகும். உறைக்குக் குறுக்காகச் சுருக்கங்கள் தென்படின் இறுக்கம் போதாது என்பது பொருள். அவை மறையும் வரை சிறிது சிறிதாகத் திருகுக. மேலும் முடுக்கினால், திசை மாறும்போது வரிச்சு மறுபுறம் எளிதில் புரளாது, தையலும் நையும். தளர விட்டாலோ பாய் உருக்குலைந்து, காற்றின் விசை வீணாகும். துணியும் மடிந்து மடிந்து விரைவில் பழுதுறும்.

சுருக்கம் மறைந்ததும் கையை நிறுத்துவதே இதன் நுட்பம். தறியிலும் அவ்வாறே அன்றோ?